ஒரே தேதி என்றால் ஒரே நாள்தானா? தேதிவாரி வரலாற்றுப் பட்டியலைச் சரிபார்க்கும் இழை

#1 ஏட்டுச்சுவடி

ஆண்டின் எல்லா நாளுக்கும் "வரலாற்றில் இந்த நாள்" பட்டியல் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே தேதியில் விழுந்த பெரிய நிகழ்வுகளை ஒன்றாகக் கோத்துக் காட்டும் பகுதிதான் இதில் முக்கியம். இதுவரை எடுத்து வைத்தவை:

ஏப்ரல் 23, 1616: ஷேக்ஸ்பியர், செர்வாண்டெஸ் இருவரும் மறைவு
1642: கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறப்பு
பிப்ரவரி 23: ரஷ்யப் புரட்சித் தொடக்கம் (1917), செம்படை நாள் (1918)
ஜூன் 28: கொசோவோ போர் (1389), சரயேவோ படுகொலை (1914), வெர்சாய் உடன்படிக்கை (1919)
ஜூலை 4: ஆடம்ஸ், ஜெஃபர்சன் மறைவு (1826)
ஜூலை 20: நிலவில் மனிதன் (1969), செவ்வாயில் வைகிங் 1 (1976)
செப்டம்பர் 19: மெக்சிகோ நிலநடுக்கங்கள் (1985, 2017, 2022)
நவம்பர் 9: ஜெர்மனி (1918, 1923, 1938, 1989)

எதை வைக்கலாம், எதை எடுக்க வேண்டும், ஏன் என்று சொல்லுங்கள். சரிபார்க்கும் முறையையும் சேர்த்துச் சொன்னால் மீதி நாட்களுக்கும் உதவும்.

#2 இரட்டைத்தேதி

முதல் வரியே நிற்காது. 1616-இல் ஸ்பெயின், இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டியில் இருந்தது. இங்கிலாந்து இன்னும் பழைய ஜூலியனில் இருந்தது. இரண்டு ஊரிலும் "ஏப்ரல் 23" என்று எழுதினாலும் அது ஒரே நாள் இல்லை.

மாற்றும் கணக்கு எளிது. ஆண்டை 100-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுங்கள். அதிலிருந்து, ஆண்டை 400-ஆல் வகுத்து வரும் முழு எண்ணைக் கழியுங்கள். பிறகு 2-ஐக் கழியுங்கள். வருவதுதான் ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டிய நாட்கள். 1616-க்கு 16 − 4 − 2 = 10. ஆக ஷேக்ஸ்பியர் மறைந்த ஜூலியன் ஏப்ரல் 23, கிரகோரியனில் மே 3. செர்வாண்டெஸ் உயிர் பிரிந்தது ஏப்ரல் 22. 23 என்பது அடக்கம் செய்த நாள். இருவருக்கும் இடையே 11 நாள்.

இதைக் கிழமை வைத்தும் உறுதி செய்யலாம். நாட்காட்டி எதுவானாலும் கிழமை வரிசை அறுபடவில்லை. கிரகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அச்சு மாறாமல் திரும்பும், ஏனென்றால் 400 ஆண்டில் 1,46,097 நாட்கள், அது மிச்சமில்லாமல் 20,871 வாரம். ஆகவே 1616-க்குப் பதில் 2016 நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 22 வெள்ளி, மே 3 செவ்வாய். ஒருவர் வெள்ளியன்று, இன்னொருவர் செவ்வாயன்று மறைந்திருக்கும்போது ஒரே நாள் என்று எப்படிச் சொல்வது?

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்று சேர்த்துவிடாதீர்கள். பதிவில் இருப்பது 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானம் மட்டும். பிறந்த நாள் அதிலிருந்து பின்னோக்கி ஊகித்தது.

#3 ஏட்டுச்சுவடி

அப்படியானால் உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23-இல் வருவது? அந்தச் சூத்திரம் எல்லா ஆண்டுக்கும் பொருந்துமா?

#4 இரட்டைத்தேதி

யுனெஸ்கோ 1995-இல் அந்தத் தேதியைத் தேர்ந்தது அடையாளத்துக்காக. "ஏப்ரல் 23 என்ற தேதியோடு இருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது" என்று எழுதலாம், தவறில்லை. "ஒரே நாளில் மறைந்தார்கள்" என்று எழுதினால்தான் பிழை.

சூத்திரத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளின் ஜனவரி, பிப்ரவரிக்கு முந்தைய ஆண்டின் எண்ணையே எடுக்க வேண்டும். அந்தப் பிப்ரவரிகளில் ஜூலியனுக்கு 29-ஆம் நாள் உண்டு, கிரகோரியனுக்கு இல்லை. வித்தியாசம் கூடுவதே அந்த இடத்தில்தான். இப்போதைய 13 நாள் வித்தியாசம் 2100 பிப்ரவரி வரை நீடிக்கும்.

கலிலியோ, நியூட்டன் வரியும் இதே நோய். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் கிரகோரியன் கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. இரண்டையும் கிரகோரியனில் வைத்தால் 1642 ஜனவரி 8, 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனில் வைத்தால் 1641 டிசம்பர் 29, 1642 டிசம்பர் 25. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே ஆண்டில் வராது. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறொன்று என்று கலந்தால் மட்டுமே வரும்.

கலிலியோவுக்குச் சுத்தமான ஜோடி வேண்டுமானால் ஸ்டீபன் ஹாக்கிங் இருக்கிறார். 1942 ஜனவரி 8-இல் பிறந்தார், சரியாக 300 ஆண்டு கழித்து. அவர் மறைந்த 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைன் பிறந்த நாள் (1879). நான்கு தேதியும் கிரகோரியன், எதிலும் சிக்கல் இல்லை.

#5 வானியல்வாசகி

இங்கிலாந்துத் தேதிகளில் இன்னொரு பொறி ஆண்டுத் தொடக்கம். 1751 வரை அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரை எழுதிய ஆவணங்களில் பழைய ஆண்டு எண்ணே இருக்கும். முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது அன்றைய ஆவணப்படி 1648 ஜனவரி 30. நம் கணக்கில் 1649. ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது, ஆகவே ஒரே மன்னரின் இரண்டு ராஜ்யத்திலும் ஆண்டு எண் வேறுபடும். "1648/9" என்று இரட்டையாக எழுதியிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல, எழுதியவர் நமக்குச் செய்த உதவி.

இரண்டு திருத்தமும் ஒன்றாக விழும் உதாரணம் ஜார்ஜ் வாஷிங்டன். பிறந்தபோது எழுதியது 1731 பிப்ரவரி 11. இன்று கொள்வது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, ஆண்டும் மாறியது. வெறும் 11 நாளைக் கூட்டி ஆண்டை விட்டுவிட்ட பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன.

#6 கல்வெட்டுக்கிளி

ஜூன் 28-க்கு வருகிறேன். அந்த வரியில் ஒரு தவறும் ஒரு நல்ல விஷயமும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

கொசோவோ போர் நடந்தது 1389, ஜூலியன் ஜூன் 15, செர்பியர்களின் புனித விட்டுஸ் நாள். 1389-க்குச் சூத்திரம் போட்டால் 13 − 3 − 2 = 8. கிரகோரியனுக்கு நீட்டினால் ஜூன் 23 வரும், 28 வராது. 28 எங்கிருந்து வந்தது? திருச்சபை இன்னும் ஜூலியனில் ஜூன் 15-ஐயே கொண்டாடுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13, ஆகவே அந்தத் திருநாள் நம் நாட்காட்டியில் ஜூன் 28-இல் விழுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் வித்தியாசத்தை 14-ஆம் நூற்றாண்டுப் போர் மேல் ஏற்றிவிட்டார்கள்.

இதே வகைப் பிழை அயர்லாந்தின் பாய்ன் போரிலும் உண்டு. 1690 ஜூலை 1 பழைய கணக்கு, 10 கூட்டினால் ஜூலை 11. நினைவுகூர்வதோ ஜூலை 12, அதாவது அடுத்த நூற்றாண்டின் 11 நாள் வித்தியாசத்தைக் கூட்டியது.

ஆனால் 1914 சரயேவோவுக்கும் இந்தத் திருநாளுக்கும் உள்ள தொடர்பு நிஜம். கொல்லப்பட்ட ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் அங்கே போன அன்று செர்பியர்களுக்கு அதே புனித விட்டுஸ் நாள். அவர்கள் மனதில் கொசோவோ நினைவு கனன்றுகொண்டிருந்த நாள். ஆகவே 1389-ஐ நீக்க வேண்டாம். "கொசோவோ போரின் நினைவு நாள்" என்று எழுதுங்கள், "போர் நடந்த நாள்" என்று எழுதாதீர்கள். 1921-இல் யுகோஸ்லாவிய அரசமைப்பு, 1948-இல் காமின்ஃபார்மிலிருந்து (சோவியத் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சிகளின் அமைப்பு) யுகோஸ்லாவியா வெளியேற்றம், 2001-இல் முன்னாள் அதிபர் மிலோசெவிச் தி ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பு, மூன்றும் ஜூன் 28. அத்தனையும் புதிய கணக்கு, தாராளமாகச் சேர்க்கலாம்.

பிப்ரவரி 23 ஜோடி முழுக்கத் தவறு. 1917-இன் பிப்ரவரி 23 ஜூலியன், நமக்கு மார்ச் 8, உலக மகளிர் நாள். 1918 ஜனவரி 31-க்கு மறுநாளை ரஷ்யா பிப்ரவரி 14 என்று மாற்றிவிட்டது. ஆகவே 1918-இன் பிப்ரவரி 23 கிரகோரியன். ஒரே ஊர், ஒரே தேதிப் பெயர், அடுத்தடுத்த ஆண்டு, ஆனால் 13 நாள் தள்ளி. ரஷ்ய நிகழ்வுகளில் 1918 பிப்ரவரியைக் கோடு போட்டுப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீசுக்கு அந்தக் கோடு 1923: பிப்ரவரி 15-க்கு மறுநாள் மார்ச் 1.

#7 தரவுத்தச்சன்

குழப்பமே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் கிரகோரியனுக்கு மாற்றிவிடலாமே? ஒரே அளவுகோல், ஒரே விடை.

#8 கல்வெட்டுக்கிளி

அதில் எனக்கு உடன்பாடில்லை. 1582-க்கு முந்தைய நிகழ்வுகளை ஜூலியன் தேதியிலேயே சொல்வதுதான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகப் பின்பற்றும் மரபு. கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது 1453 மே 29. அதை மாற்றினால் ஜூன் 7. ஜூன் 7 என்று போட்டால் வாசகர் எந்த நூலைத் திறந்தாலும் உங்கள் பட்டியல் தவறாகத் தெரியும்.

சரியாக 500 ஆண்டு கழித்து 1953 மே 29-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். இந்த ஜோடியை வைக்கலாம், தேதிப் பெயர் ஒன்று என்பதால். சூரியனைப் பூமி சுற்றும் பாதையில் அதே புள்ளி என்றோ, நாள் கணக்கில் முழு 500 ஆண்டு என்றோ மட்டும் எழுத வேண்டாம், 9 நாள் இடிக்கும்.

என் வரையறை: 1582 அக்டோபர் 4 வரை ஜூலியன். அதன் பிறகு அந்த இடத்தில் அன்று வழங்கிய தேதி, பக்கத்தில் மாற்றிய கிரகோரியன் தேதி, இரண்டும். ஒரே நாள் என்று உரிமை கொண்டாடும் ஜோடிக்கு மட்டும் இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

#9 இரட்டைத்தேதி

ஆமோதிக்கிறேன். மாறிய நாள் ஊருக்கு ஊர் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல், போலந்தில் 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. அவிலாவின் புனித தெரேசா காலமானது அந்த இரவில்தான், அவர் திருநாள் இன்றும் அக்டோபர் 15. பிரான்சில் டிசம்பர் 9-க்கு மறுநாள் டிசம்பர் 20. பிரிட்டனிலும் அதன் காலனிகளிலும் 1752 செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை லண்டனில் ஏதோ நடந்ததாக உள்ளூர்த் தேதியில் ஒரு பட்டியல் சொன்னால் அந்தப் பட்டியலை அப்படியே மூடிவிடலாம்.

அலாஸ்கா இன்னும் விசித்திரம். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியபோது நாட்காட்டியும் மாறியது, தேதிக்கோட்டின் பக்கமும் மாறியது. அக்டோபர் 6 வெள்ளிக்கு மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளி. மேலே நான் சொன்ன "கிழமை அறுபடாது" என்ற விதி தேதிக்கோட்டைத் தாண்டும் இடத்தில் மட்டும் செல்லாது.

#10 வானியல்வாசகி

நாட்காட்டி ஒன்றானாலும் கடிகாரம் ஒன்றில்லையே. ஜூலை 20 ஜோடியைப் பாருங்கள்.

அப்பல்லோ 11-இன் ஈகிள் இறங்கியது யூடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி 1969 ஜூலை 20, 20:17. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தது ஜூலை 21, 02:56. அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் இரண்டும் ஜூலை 20. இந்திய நேரத்தில் இறங்கியதே ஜூலை 21 அதிகாலை 1:47, காலடி காலை 8:26. வைகிங் 1 செவ்வாயில் இறங்கியது 1976 ஜூலை 20, யூடிசி 11:53. இந்திய நேரம் மாலை 5:23, அதே ஜூலை 20. ஆகவே "இறங்கிய நாள்" ஜோடி யூடிசியில் நிற்கிறது, இந்திய நேரத்தில் உடைகிறது. "காலடி வைத்த நாள்" என்று எழுதினால் யூடிசியிலேயே உடைகிறது. உங்கள் தலைப்பு "நிலவில் மனிதன்" என்று பொதுவாக நிற்கிறது. "ஈகிள் இறங்கியது, யூடிசி" என்று குறுக்குங்கள்.

வைகிங் 1-ஐ முதலில் ஜூலை 4-இல், அமெரிக்காவின் 200-ஆம் ஆண்டு விழாவன்று இறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். சுற்றுக்கலன் எடுத்த படங்களில் அந்த இடம் கரடுமுரடாகத் தெரிந்ததால் வேறு இடம் தேடி நாள் தள்ளியது. குறி வைத்த ஆண்டுவிழா தவறி, இன்னொரு ஆண்டுவிழாவில் போய் விழுந்தது.

இதே கதைதான் ஏப்ரல் 12-க்கும். ககாரின் 1961-இல், கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணம் 1981-இல், சரியாக 20 ஆண்டு. திட்டமிட்ட மரியாதை என்று பலர் எழுதுகிறார்கள். கொலம்பியா கிளம்ப வேண்டியது ஏப்ரல் 10. கணினிகளுக்கிடையே நேர ஒத்திசைவுக் கோளாறு வந்து இரண்டு நாள் தள்ளியதால் 12 ஆனது.

கடிகாரம் கவிழ்க்கும் வேறு இரண்டு இடங்கள். செர்னோபில் வெடிப்பு 1986 ஏப்ரல் 26, அங்குள்ள நேரம் 01:23. அப்போது மாஸ்கோ கோடை நேரம் யூடிசியைவிட 4 மணி முன்னால், எனவே யூடிசியில் ஏப்ரல் 25, 21:23. பெர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே ஜப்பானியர் மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் அங்கே தேதி டிசம்பர் 8. முதலில் நடந்ததற்குப் பிந்தைய தேதி. தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் முன்பின் தலைகீழாகும்.

எளிதில் உடையாத ஜோடியும் உண்டு. ஈரானின் பாம் நிலநடுக்கம் 2003 டிசம்பர் 26, யூடிசி 01:56. சுமத்ரா நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் 2004 டிசம்பர் 26, யூடிசி 00:58. நேரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நடந்த இடங்களிலும் 26, யூடிசியிலும் 26. நியூயார்க் கணக்கில் இரண்டும் சேர்ந்தே 25-க்கு நகரும்.

#11 ஏட்டுச்சுவடி

அருமை. நள்ளிரவைத் தாண்டும் நிகழ்வை எந்த நாளில் போடுவது?

#12 கல்வெட்டுக்கிளி

தொடக்கம், முடிவு இரண்டையும் எழுதுங்கள். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11:40, மூழ்கியது ஏப்ரல் 15 அதிகாலை 2:20. லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு, உயிர் பிரிந்தது மறுநாள் காலை 7:22. "மோதல், சூடு" என்று போட்டால் 14, "மூழ்கல், மறைவு" என்று போட்டால் 15. இரண்டு விதத்திலும் ஜோடி நிற்கும். மூழ்கலையும் சூட்டையும் சேர்த்தால் நிற்காது.

பாரதியார் மறைவிலும் இதுதான். நினைவு நாளாகப் பரவலாகக் கொள்வது 1921 செப்டம்பர் 11. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, கடிகாரக் கணக்கில் செப்டம்பர் 12. சூரிய உதயத்தில்தான் அடுத்த நாள் பிறக்கும் என்ற பழைய வழக்கில் அந்த நேரம் முந்தைய நாளையே சேரும். செப்டம்பர் 11 பட்டியலில் விவேகானந்தரின் சிகாகோ உரை (1893), ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி கூட்டிய எதிர்ப்புக் கூட்டம் (1906), சிலி ராணுவப் புரட்சி (1973) ஆகியவற்றோடு பாரதியையும் போடுவதானால் "11 இரவு, 12 அதிகாலை" என்று ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். ஹிஜ்ரி, யூதத் தேதிகளில் நாள் தொடங்குவது சூரிய மறைவில், எனவே மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகும். 1924 முடிய வானியலாளர்களின் நாள் நண்பகலில் தொடங்கியது என்பதையும் பழைய வானாய்வுக் குறிப்புகளைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

#13 நிகழ்தகவு_நிலா

"எத்தனை அபூர்வம்!" என்று எழுதும் முன் ஒரு கணக்கு. 23 பேர் இருந்தால் அவர்களுக்குள் 253 ஜோடிகள், யாரோ இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். குறிப்பிட்ட ஒரு தேதியில் ஒருவராவது பிறந்திருக்க அதே வாய்ப்பு வேண்டுமானால் 253 பேர் தேவை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எல்லா மிகையும் பிறக்கிறது. அமெரிக்க அதிபர்களில் போல்க், ஹார்டிங் இருவரும் நவம்பர் 2-இல் பிறந்தவர்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர் கொண்ட கூட்டத்தில் அப்படி ஒரு ஜோடி இல்லாதிருந்தால்தான் வியக்க வேண்டும்.

1,000 நிகழ்வுகளைக் கண்ணை மூடிக்கொண்டு 365 நாளில் தூவினால் சராசரி நாளுக்கு 2.7. ஆனால் சமமாகப் பரவாது. ஏறக்குறைய 24 நாட்கள் காலியாகக் கிடக்கும். ஏறக்குறைய 8 நாட்களில் 7 அல்லது அதற்கு மேல் குவியும். அந்த 8 நாளைத்தான் "மர்மத் தேதிகள்" என்று பேசுகிறார்கள்.

செப்டம்பர் 19 மெக்சிகோவை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1985 காலை 7:17, 2017 பிற்பகல் 1:14, 2022 பிற்பகல் 1:05. தேதிச் சிக்கல் எதுவும் இல்லை, வைக்கலாம். 365-ஐ இருமுறை பெருக்கி "1,33,225-இல் ஒன்று" என்று பலர் எழுதுகிறார்கள். அந்த எண் பொருந்துவது, 1985-க்குப் பின் இரண்டே இரண்டு நிலநடுக்கம்தான் வந்தது, இரண்டும் அதே நாளில் விழுந்தது என்றால் மட்டும். மெக்சிகோவில் அந்த இடைவெளியில் பெரிய நிலநடுக்கம் வேறு பலவும் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு புதிய வாய்ப்பு. நிலநடுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடந்த அன்றே வந்தது என்பதைத் தனி அதிசயமாகவும் எண்ணக் கூடாது. 2017-இல் ஒத்திகை முடிந்து சுமார் 2 மணி நேரத்தில், 2022-இல் ஒரு மணி நேரத்துக்குள் நிலம் ஆடியது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் ஒத்திகையை அந்தத் தேதியில் வைப்பதே 1985-இன் நினைவாக. தேதி ஒத்துப்போன உடனே ஒத்திகையும் ஒத்துப்போகும்.

#14 வானியல்வாசகி

ஜூலை 4? அமெரிக்காவின் முதல் ஐந்து அதிபர்களில் மூன்று பேர் அந்த நாளில் போனது தற்செயல்தானா?

#15 நிகழ்தகவு_நிலா

ஆடம்ஸ், ஜெஃபர்சன் 1826-இல் ஒரே நாளில், விடுதலைப் பிரகடனத்தின் சரியான 50-ஆம் ஆண்டில். மன்றோ 1831-இல். ஆடம்சும் ஜெஃபர்சனும் முதுமையில் அந்த ஆண்டுவிழாவை எதிர்நோக்கி உயிரைப் பிடித்திருந்தார்களா என்பது பேசத் தகுந்த கேள்வி. அப்படி இருந்தால் இரண்டு மரணமும் ஒன்றையொன்று சாராதவை என்ற அடிப்படையே ஆடும். தேதியில் குறை இல்லை. பிரகடனத்தை விவரிக்கும்போது மட்டும் கவனம்: விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2, பிரகடன வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. "கையெழுத்தான நாள்" என்று எழுதினால் பிழை.

என் யோசனை: ஒவ்வொரு ஜோடிக்கும் "தற்செயல்", "தேர்ந்தெடுத்தது", "ஒன்றால் மற்றொன்று" என்று ஒரு முத்திரை குத்துங்கள். தேர்ந்தெடுத்த தேதிகள் ஏராளம். 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய நாள் என்பதால்தான் 1949 நவம்பர் 26-இல் ஏற்ற இந்திய அரசமைப்பு 1950 ஜனவரி 26 வரை காத்திருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் சரணடைந்த ஆகஸ்ட் 15-ஐ மனதில் வைத்தே மவுண்ட்பேட்டன் இந்திய விடுதலைக்கு நாள் குறித்தார். 1871 ஜனவரி 18-இல் வெர்சாயில் ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தார்கள்; 1919 பாரிஸ் மாநாட்டை அதே ஜனவரி 18-இல் தொடங்கி அதற்குப் பதில் சொன்னார்கள். டிசம்பர் 2 நெப்போலியன் முடிசூடிய நாள் (1804), ஆஸ்டர்லிட்ஸ் வெற்றி (1805); அவர் அண்ணன் தம்பி வழி வாரிசு லூயி நெப்போலியன் 1851-இல் அதிகாரத்தைக் கைப்பற்றியதும் அதே டிசம்பர் 2. இவை எதையும் "ஆச்சரியமான ஒற்றுமை" என்று எழுதக் கூடாது.

#16 கல்வெட்டுக்கிளி

நவம்பர் 9-இல் உங்கள் மூன்று முத்திரையும் ஒன்றாக வருகிறது. 1918-இல் குடியரசுப் பிரகடனம். 1923-இல் ஹிட்லரின் தோல்வியுற்ற கலகம் (முந்தைய மாலை மூனிக் பீர்க்கூடத்தில் தொடங்கி 9-ஆம் தேதி ஊர்வலத்தில் முடிந்தது). 1938-இல் அந்தக் கலகத்தின் ஆண்டு நினைவு விருந்துக்காகக் கட்சித் தலைவர்கள் மூனிக்கில் கூடியிருந்தார்கள். பாரிசில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி அங்கே வந்தது, கோயபல்ஸ் பேசினார், யூதர்கள் மேல் வன்முறை அவிழ்த்துவிடப்பட்டது. 1923-க்கும் 1938-க்கும் இடையே உள்ளது காரணத் தொடர்பு.

1989-இல் பெர்லின் சுவர் திறந்தது வேறு. புதிய பயண விதியை நவம்பர் 10 அதிகாலை 4 மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்று தடை இருந்தது. அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேராத கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி 9-ஆம் தேதி மாலை 7 மணியை ஒட்டி செய்தியாளர் கூட்டத்தில் "உடனே, தாமதமின்றி" அமலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். மக்கள் திரண்டு, சுவரின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லை வாயில் திறந்தபோது இரவு 11:30 வாக்கில். இன்னும் அரை மணி நேரம் தாண்டியிருந்தால் நாம் நவம்பர் 10 என்று எழுதிக்கொண்டிருப்போம். 1938-இன் நிழல் இருப்பதால்தான் ஜெர்மனி ஒற்றுமை நாளை நவம்பர் 9-இல் வைக்காமல் அக்டோபர் 3-இல் வைத்தது.

#17 தரவுத்தச்சன்

#7-இல் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அட்டவணை அமைப்பு இப்படி இருந்தால் போதும்: மூல ஆவணத்தில் உள்ளபடியே தேதி (உரையாக), எந்த நாட்காட்டி, இடம், அங்குள்ள நேரம், யூடிசி நேரம், எந்தக் கட்டம் (ஒப்பம், அமல், அறிவிப்பு, தொடக்கம், முடிவு), ஜூலியன் நாள் எண் (நாட்காட்டி எதுவானாலும் மாறாத தொடர் நாள் எண்ணிக்கை), முத்திரை. மாதம், நாள் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாக வையுங்கள். "ஆண்டின் எத்தனையாவது நாள்" என்பதை வைத்துத் தேடாதீர்கள். மார்ச் 1 சாதாரண ஆண்டில் 60, லீப் ஆண்டில் 61, பத்து மாதமும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

மென்பொருள் விஷயத்தில்: எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, உரையாக விட்டுவிடும், வரிசைப்படுத்தினால் சிதறும். 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளை ஏற்றும்கொள்ளும். பைத்தானின் தேதி வகை எல்லாக் காலத்துக்கும் கிரகோரியனையே நீட்டிப் பயன்படுத்தும். 1616 ஏப்ரல் 23 என்று கொடுத்தால் சனி என்று சொல்லும். ஷேக்ஸ்பியருக்குச் சரியான விடை செவ்வாய். முதலில் மே 3-க்கு மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கிமு ஆண்டுகளில், தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ முறைக்குச் சுழியம் ஆண்டு உண்டு என்பதால் கிமு 44 என்பது −43. ஒன்று குறைக்க மறந்தால் சீசர் ஓராண்டு முன்னதாக இறப்பார்.

#18 ஏட்டுச்சுவடி

திருத்திவிட்டேன். ஏப்ரல் 23 "நினைவுத் தேதி" ஆனது. 1642 வரி போய் ஜனவரி 8-இல் கலிலியோ, ஹாக்கிங். 1917 புரட்சி மார்ச் 8-க்கு. ஜூலை 20 "இறங்கிய நேரம், யூடிசி". ஜூன் 28-இல் கொசோவோ "நினைவு நாள்".

இன்னொரு சந்தேகம். ஸ்வீடன் ரஷ்யாவிடம் தோற்ற போல்டாவா போர் 1709 ஜூன் 28 என்று ஒரு ஸ்வீடிஷ் மூலத்தில் இருக்கிறது. ஜூன் 28-இல் சேர்க்கலாமா? 1709-க்குச் சூத்திரம் 11 தருகிறது, ஜூலை 9 வருகிறது. ஆனால் மற்ற நூல்களில் ஜூலை 8.

#19 இரட்டைத்தேதி

சேர்க்க வேண்டாம், ஜூலை 8-இல் போடுங்கள். உங்கள் கணக்கும் சரி, மூலமும் சரி. நாட்காட்டிதான் மூன்றாவது ஒன்று. ஸ்வீடன் படிப்படியாக மாறுவதாகச் சொல்லி 1700-இல் லீப் நாளை விட்டது, பிறகு திட்டத்தைத் தொடரவில்லை. அதனால் 1700 மார்ச் முதல் ஜூலியனுக்கு ஒரு நாள் முன்னால், கிரகோரியனுக்கு 10 நாள் பின்னால் தனியாக நின்றது. போல்டாவா ரஷ்யர்களுக்கு ஜூன் 27, ஸ்வீடன்காரர்களுக்கு ஜூன் 28, கிரகோரியனில் ஜூலை 8. 27-உடன் 11, 28-உடன் 10, இரண்டும் ஒரே நாளில் வந்து சேரும்.

தரவுத்தச்சன், உங்கள் நாட்காட்டிப் பத்தியில் "ஸ்வீடிஷ் 1700–1712" என்று ஒரு தேர்வு சேருங்கள். ஜூலியனுக்குத் திரும்ப அவர்கள் 1712-இல் கூடுதலாக ஒரு நாள் போட்டார்கள், அந்த ஆண்டு பிப்ரவரி 30 உண்மையாகவே இருந்தது. நாள் பத்தியில் "பிப்ரவரிக்கு 29-க்கு மேல் ஏற்காதே" என்று கட்டுப்பாடு வைத்திருந்தால் அந்த ஒரு வரிக்குத் தளர்த்த வேண்டும்.